திருத்திய துப்பாக்கி, திருந்தாத இலாகா

ஒரு துப்பாக்கியை நம்பலாமா, கூடாதா என்பது தொழிலாளர் பத்திரிகை பேச வேண்டிய விஷயமா? பேச வேண்டிய விஷயம்தான் என்று நாம் கருதுகிறோம். அதைச் செய்தவன் தொழிலாளி. அதைத் தோளில் சுமந்தவன் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. "நன்றாகத்தான் இருக்கிறது" என்று கையெழுத்துப் போட்ட கனவான்கள் மட்டும் இந்த இரண்டு கூட்டத்திலும் சேராதவர்கள்.

பிரிட்டிஷ் ராணுவத்தின் எஸ்.ஏ.80 ரகத் துப்பாக்கியைச் சொல்கிறோம். 1985ல் அது சிப்பாய்கள் கைக்கு வந்தது. அதற்கு முன் ஏறத்தாழ முப்பது ஆண்டுக் காலம் அவர்கள் வைத்திருந்தது எஸ்.எல்.ஆர். என்னும் நீண்ட, கனத்த துப்பாக்கி. விசையை ஒரு தரம் அழுத்தினால் ஒரு குண்டு பாயும். அடுத்த தோட்டா தானே ஏறிக்கொள்ளும். நம் நாட்டு ராணுவமும் அதே குடும்பத்துத் துப்பாக்கியை நெடுங்காலம் வைத்திருந்தது. புதியது குட்டையானது. ஒவ்வொன்றாகவும் சுடலாம், தொடர்ந்தும் சுடலாம். தோட்டாப் பெட்டி விசைக்கு முன்னால் இல்லாமல் பின்னால், தோளை ஒட்டி இருக்கும். சுட்ட தோட்டாவின் கூடு வலப்புறம் தெறிக்கும். ஆகவே இடது தோளில் வைத்துச் சுடுகிறவன் தன் முகத்திலேயே வாங்கிக்கொள்வான். இடது கைக்காரனும் வலது தோளில் வைத்துத்தான் சுட வேண்டும் என்பது கட்டளை!

இதைச் செய்த இடம் லண்டனுக்கு வடக்கே உள்ள என்பீல்டு சர்க்கார் ஆயுதத் தொழிற்சாலை. 1816ல் தொடங்கியது. இந்தப் பெயர் நமக்குப் புதிதல்ல. 1857ல் கொழுப்புத் தடவிய தோட்டாவைப் பல்லால் கடிக்க மாட்டோம் என்று சிப்பாய்கள் சொன்னார்களே, அது என்பீல்டு துப்பாக்கியின் தோட்டா. சுதந்திரத்துக்குப் பிறகும் நம் போலீஸ் கையில் நெடுநாள் இருந்த 303 துப்பாக்கி, அந்த ஆலையின் வழி வந்தது. திருவொற்றியூரில் 1955 முதல் புல்லட் மோட்டார் சைக்கிள் செய்தார்களே, அந்த என்பீல்டு பெயரும் அங்கிருந்து வந்ததுதான். இங்கிலாந்தில் அந்தச் சைக்கிள் கம்பெனி துப்பாக்கி ஆலைக்கு உதிரி பாகம் செய்து கொடுத்ததால் பெயரை எடுத்துக்கொண்டது. "துப்பாக்கியைப் போலச் செய்தது" என்று விளம்பரமும் போட்டது. 1985ன் துப்பாக்கியைப் பார்த்திருந்தால் அந்த விளம்பரத்தைப் போடத் துணிந்திருப்பார்களா என்று தெரியவில்லை.

புதிய துப்பாக்கியின் முதல் மாதிரியை 1976ல் காட்டினார்கள். அது 4.85 மில்லி மீட்டர் குண்டுக்காகச் செய்தது. பிறகு நேட்டோ கூட்டணி 5.56 மில்லி மீட்டர்தான் என்று முடிவு செய்யவே, ஒன்றுக்காக வரைந்த துப்பாக்கியை இன்னொன்றுக்காக மாற்றினார்கள். எஃகுத் தகட்டை அச்சில் அழுத்தி, வெல்டு செய்து உடலைச் செய்யும் முறை அது. கட்டி இரும்பைக் கடைந்து செய்து பழகிய ஆலைக்கு இது புதுத் தொழில். புதுத் தொழிலுக்கு அவகாசம் வேண்டும். மணலில் வைத்துப் பார்த்த பரீட்சையில் அது தேறவில்லை. இருந்தும் ஏற்றுக்கொண்டார்கள்.

ஏன் அவசரம்? அந்த ஆண்டுகளில் அங்கே நடந்ததை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். தாட்சர் அம்மையாரின் சர்க்கார், பொதுச் சொத்து ஒவ்வொன்றாக ஏலத்துக்குக் கொண்டுவந்த காலம். 1984-85ல் சுரங்கத் தொழிலாளர் ஓராண்டு வேலைநிறுத்தம் செய்து பட்டினி கிடந்த காலம். 1985 ஜனவரியில் சர்க்கார் ஆயுதத் தொழிற்சாலைகள் கம்பெனியாக்கப்பட்டன. 1987 ஏப்ரலில் அந்தக் கம்பெனி முழுவதையும் 19 கோடி பவுனுக்கு பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸ் என்ற விமானக் கம்பெனி வாங்கியது. சீக்கிரமே என்பீல்டு மூடப்படும் என்ற சேதி வந்தது. 1988ல் கேட் மூடியது. இயந்திரங்களும் உற்பத்தியும் நாட்டிங்ஹாம் போயின. 170 ஆண்டு துப்பாக்கி செய்த நிலம் இன்று வீடுகள் கட்டிய குடியிருப்பு. அமைந்த இடம் நல்ல இடம், நதியோரம். கம்பெனிக்காரர்கள் நிலத்தின் விலை தெரியாதவர்கள் அல்லர்.

விற்கப் போகிற மாட்டுக்குக் கொம்பு சீவி, வண்ணம் பூசிச் சந்தைக்கு ஓட்டுவதை நம் விவசாயத் தொழிலாளர்கள் அறிவார்கள். கையில் ஒரு பெரிய ராணுவ ஆர்டர் இருக்கிறது என்றால் கம்பெனியின் விலை ஏறும். அந்த நேரத்தில் "துப்பாக்கி சரியில்லை, இரண்டு வருஷம் பொறுங்கள்" என்று சொல்ல எந்த அதிகாரிக்கு வாய் வரும்?

அந்தக் கடைசி ஆண்டுகளில் என்பீல்டு தொழிலாளி தன் வேலை போகப் போகிறது என்று தெரிந்தே வேலை செய்தான். அவன் மனம் வைக்காததால்தான் துப்பாக்கி கெட்டது என்று எழுதியவர்களும் உண்டு. நம் மில்லிலும் இதே பேச்சுத்தானே! நூல் அறுந்தால் தொழிலாளி சோம்பேறி. பஞ்சு மட்டம் என்று யாரும் சொல்வதில்லை. ஆட்குறைப்பு நோட்டீஸைக் கையில் கொடுத்துவிட்டு, நுட்பமான வேலையில் கவனம் குறைந்தது என்று குறை கூறுவது என்ன நியாயம்? அது தவிர, மணல் பரீட்சையில் தோற்ற வரைபடத்தை எந்தத் தொழிலாளியும் வரையவில்லை.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். பழுதெல்லாம் தனியார்மயத்தால் வந்தது என்று நம் பக்கத்துத் தோழர்கள் சிலர் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது முழு உண்மை ஆகாது. வரைபடம் சர்க்கார் ஆலையில் பிறந்தது. அதை ஏற்றுக்கொண்டது சர்க்கார் இலாகா. பொதுத்துறை என்ற பலகை மாட்டியிருப்பதாலேயே சரக்கு நல்லதாகிவிடாது. செய்கிறவன் பேச்சும் உபயோகிக்கிறவன் பேச்சும் மேலே போய்ச் சேராத ஆலையில், பலகை எதுவாக இருந்தாலும் பழுது தங்கிவிடும். விற்பனை அந்தப் பழுதைப் பிறப்பிக்கவில்லை. அதைத் திருத்த வேண்டிய நேரத்தில் திருத்த விடாமல் செய்தது.

என்னென்ன பழுது? இப்படிப்பட்ட துப்பாக்கி எப்படி இயங்குகிறது என்று தெரிந்தால் புரியும். தறியில் நாடா போய்த் திரும்புவதை நினைத்துக்கொள்ளுங்கள். குண்டு வெடித்ததும் குழலிலிருந்து கொஞ்சம் வாயு ஒரு தண்டைப் பின்னே தள்ளுகிறது. தண்டு போல்ட்டைத் தள்ளுகிறது. போல்ட் பின்னே போகும்போது பழைய கூட்டை இழுத்து வெளியே எறிகிறது. ஸ்பிரிங் அதைத் திரும்ப முன்னே தள்ளும்போது புதுத் தோட்டாவைக் கொண்டுபோய்க் குழலில் ஏற்றுகிறது. நாடா நடுவில் நின்றால் தறி நிற்கும், ஒரு அங்குலத் துணி கெடும். போல்ட் நடுவில் நின்றால் எதிரே இருப்பவன் காத்திருக்க மாட்டான்.

எஸ்.ஏ.80ல் போல்ட் நின்றது. எண்ணெய் விடாமல் சுட்டால் இறுகியது. எண்ணெய் விட்டால் பாலைவன மணல் அந்த எண்ணெயில் ஒட்டிக்கொண்டு இறுகியது. ஸ்பின்னிங் பகுதியில் எண்ணெய்ப் பிசுக்கில் பஞ்சுத் தூசி அப்பிக்கொள்வதைத் துடைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தோட்டாப் பெட்டியைப் பிடித்து நிறுத்தும் பொத்தான் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. உடுப்பில் உரசினாலே அமுங்கும். பெட்டி கீழே விழும். ஓடிப்போய்ப் படுத்து விசையை அழுத்தினால் ஒன்றும் இல்லை! தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கும் ஊசி முறிந்தது. பூட்டிலுள்ள பிளாஸ்டிக் துண்டு குளிரில் நொறுங்கியது. கொசு விரட்டும் மருந்து பட்டால் பிளாஸ்டிக் இளகியது.

1991ல் குவைத், இராக் மணலில் யுத்தம் வந்தது. எண்ணெய்க்காக நடந்த அந்த யுத்தத்தை நாம் ஆதரிக்கவில்லை. "ஏகாதிபத்தியத்தின் துப்பாக்கி சிக்கிக்கொண்டால் நமக்கென்ன, நல்லதுதானே" என்று ஒரு தோழர் கேட்கக்கூடும். யோசித்துப் பார்க்க வேண்டும். யுத்தத்தை அறிவித்தவர் கையில் துப்பாக்கி இல்லை. சுரங்கமும் உருக்காலையும் மூடிப்போன ஊர்களில் வேறு வேலை கிடைக்காத பையன்கள்தான் அங்கே பட்டாளத்துக்கு ஆள் சேர்ந்தார்கள். அவர்களை அந்த மணலுக்கு அனுப்பியது ஒரு குற்றம். வேலை செய்யாத கருவியைக் கொடுத்து அனுப்பியது இன்னொரு குற்றம். முதலாவதைக் கண்டிப்பதால் இரண்டாவதை மன்னிக்க வேண்டியதில்லை. பாய்லர் வெடித்துச் செத்தவன் யாருடைய மில்லில் வேலை செய்தான் என்று பார்த்தா நாம் துக்கம் கொண்டாடுகிறோம்?

யுத்தம் முடிந்ததும் ராணுவத்துக்காரர்களே ஓர் அறிக்கை தயாரித்தார்கள். சிப்பாய்க்குத் தன் துப்பாக்கியில் நம்பிக்கை இல்லை. முதல் பெட்டித் தோட்டா தீருமுன்பே சிக்கும் என்றுதான் பெரும்பாலோர் எதிர்பார்த்தார்கள். எதிரி பதுங்கு குழியில் நின்று சண்டை போட்டிருந்தால் துப்பாக்கிக் கோளாறாலேயே நம் ஆட்கள் செத்திருப்பார்கள் என்று சில தளபதிகள் கருதினார்கள் என்றெல்லாம் அதில் இருந்தது. அறிக்கை வெளியே கசிந்தது. இலாகா என்ன செய்தது? அறிக்கையே போலி என்றது! பத்திரிகைகள் ஐம்பதுக்கு மேற்பட்ட பழுதுகளைப் பட்டியல் போட்டன. ஏழு மட்டும் திருத்தப்பட்டன. பெட்டிப் பொத்தான், ஊசி, பிளாஸ்டிக் துண்டு, இப்படி. மீதியோடு சிப்பாய் இன்னும் பத்தாண்டு குடித்தனம் நடத்தினான்.

இதற்கிடையில் ஒரு சேதி. பிரிட்டிஷ் ராணுவத்திலேயே எஸ்.ஏ.எஸ். என்ற தனிப்படை உண்டு. தன் ஆயுதத்தைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமை அதற்கு இருந்தது. அது அமெரிக்க எம்.16 ரகத்தையும், பிறகு கனடாவில் செய்த அதே ரகத்தையும் எடுத்துக்கொண்டது. தேர்ந்தெடுக்க முடிந்தவன் வேறொன்றைத் தேர்ந்தெடுத்தான். முடியாதவன் கொடுத்ததைச் சுமந்தான். எத்தனை அறிக்கை வந்தாலும் இதைவிடத் தெளிவான அறிக்கை கிடையாது.

1997ல் நேட்டோ தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து எஸ்.ஏ.80ஐ எடுத்துவிட்டது. வெளியார் முன் மானம் போன பிறகுதான் இலாகாவுக்குக் காது கேட்டது. லேபர் கட்சி சர்க்கார், 2000ல் ஜெர்மனியின் ஹெக்லர் - கோக் கம்பெனியிடம் திருத்தும் வேலையைக் கொடுத்தது. சுமார் 2 லட்சம் துப்பாக்கிகள். செலவு 9 கோடியே 20 லட்சம் பவுன். போல்ட், கூட்டை இழுக்கும் கொக்கி, ஊசி, சுத்தி, ஸ்பிரிங், இழுப்புப் பிடி, தோட்டாப் பெட்டி என்று உள்ளே பெரும்பகுதி மாறியது. வெளித்தோற்றம் பழையதேதான். எல்.85 ஏ-2 என்று பெயர் வைத்தார்கள்.

பார்த்தீர்களா, சர்க்கார் ஆலை கெடுத்ததைத் தனியார் கம்பெனி சரி செய்தது என்று முதலாளித்துவப் பத்திரிகைகள் பாடும் பாட்டு ஒன்று உண்டு. அந்த ஜெர்மன் கம்பெனி அப்போது யாருடையது? 1991ல் அதை வாங்கியது பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸ்! என்பீல்டை வாங்கி மூடிய அதே முதலாளி. நாட்டிங்ஹாமில் இந்தத் துப்பாக்கியைச் செய்து பணம் வாங்கிய அதே முதலாளி. பெயரை மட்டும் பி.ஏ.இ. சிஸ்டம்ஸ் என்று மாற்றிக்கொண்டிருந்தது. ஒரு கையால் விற்றது. இன்னொரு கையால் ரிப்பேர் செய்து இரண்டாம் தரம் காசு வாங்கியது. 2002ல் அந்த ஜெர்மன் கம்பெனியையும் விற்றுவிட்டது. வரி கட்டிய ஜனங்கள் ஒரே துப்பாக்கிக்கு இரண்டு விலை கொடுத்தார்கள்.

சரி, திருத்திய துப்பாக்கியை நம்பலாமா?

இங்கே கோபத்தை ஒதுக்கி வைத்து, பட்டறை மனிதனாகப் பார்க்க வேண்டும். ஒரு தரம் கெட்ட இயந்திரம் என்றைக்கும் கெட்டதுதான் என்பது மூடநம்பிக்கை. நல்ல பிட்டர் கையில் பழைய இன்ஜின் புதியதைவிட நன்றாக ஓடுவதைப் பார்த்திருக்கிறோம். எந்தப் பாகம் ஏன் கெட்டது என்று கண்டுபிடித்து மாற்றினார்களா, மேலே பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்களா என்பதே கேள்வி. ஏ-2 விஷயத்தில் பாகங்களை மாற்றினார்கள். பரீட்சையும் ஒரே கொட்டகையில் நடக்கவில்லை. பிரிட்டனிலும், அலாஸ்காவின் கடுங்குளிரிலும், புருனையின் ஈரக் காட்டிலும், குவைத்தின் புழுதியிலும் சுட்டுப் பார்த்தார்கள். எத்தனை குண்டுக்கு ஒரு தடங்கல் என்ற கணக்கை வெளியிட்டார்கள். மற்ற இடங்களைவிட குவைத்தில் தடங்கல் அதிகம் என்பதும் அந்தக் கணக்கிலேயே இருந்தது. தனக்குச் சாதகமில்லாத எண்ணையும் மறைக்காத கணக்கு, நம்பத் தகுந்த கணக்கு.

ஆனாலும் 2002ல் ஆப்கானிஸ்தானில் கடற்படைச் சிப்பாய்கள் புதிய துப்பாக்கியும் சிக்குகிறது என்று புகார் சொன்னார்கள். இலாகா ஒரு குழுவை அனுப்பியது. துடைக்கும் முறையும் எண்ணெய் விடும் முறையும் சரியாக இல்லை, சொன்னபடி பராமரித்தால் நன்றாகவே சுடுகிறது என்று முடிவு வந்தது. சிப்பாய்கள் மனம் புண்பட்டது, அதில் ஆச்சரியமில்லை. பத்தாண்டுக் காலம் "துப்பாக்கி சரி, நீதான் சரியில்லை" என்று பொய் சொன்ன வாய், இந்தத் தரம் உண்மையே சொன்னாலும் யார் கேட்பார்கள்? ஓநாய் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்தக் குழு சொன்னதை நாமும் உடனே நம்பச் சொல்லவில்லை. பிறகு வந்த ஆண்டுகளே சாட்சி. இராக்கில் 2003 முதலும், ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்டில் 2006 முதலும் அதே துப்பாக்கி புழுதியில் புரண்டது. பழைய கூக்குரல் எழவில்லை. அந்த யுத்தங்களில் சிப்பாய்கள் குறை சொன்னது ஹெலிகாப்டர் பற்றாக்குறை, கவசமில்லாத வண்டிகள் ஆகியவற்றை. 2018ல் ஏ-3 என்று இன்னொரு திருத்தமும் வந்தது. அது எடையும் பொருத்துகளும் சம்பந்தப்பட்டது, உயிர் போகிற பழுது அல்ல.

ஆகவே நம் தீர்ப்பு இது: ஏ-2 நம்பத் தகுந்த கருவி. இலாகாவின் வாய்ச்சொல் நம்பத் தகுந்ததல்ல. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இலாகா மேலுள்ள வெறுப்பால் நல்ல கருவியை வீசி எறிவதும் தவறு. கருவி நன்றானதால் இலாகாவுக்கு மாலை போடுவதும் தவறு.

இங்கே இதை எழுதக் காரணம் இருக்கிறது. நம் நாட்டிலும் 41 சர்க்கார் ஆயுதத் தொழிற்சாலைகள் 2021 அக்டோபர் 1 முதல் 7 கம்பெனிகளாக்கப்பட்டன. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை, அரவங்காடு வெடிமருந்து ஆலை, ஆவடி ஆலைகள் எல்லாம் அதில் சேர்த்தி. தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்துக்குத் தயாரானபோது, அதைத் தடை செய்யச் சட்டமே கொண்டுவந்தார்கள். "கம்பெனிதான் ஆக்குகிறோம், விற்கவில்லை" என்று மந்திரிகள் சொன்னார்கள். என்பீல்டிலும் 1985ல் கம்பெனி ஆனது, 1987ல் விலை போனது. நடுவில் இரண்டே ஆண்டு.

நம் இன்சாஸ் துப்பாக்கியின் கதையும் தெரிந்ததே. 1999ல் கார்கில் குளிரில் அதன் பிளாஸ்டிக் தோட்டாப் பெட்டி விரிசல் விட்டது என்று சிப்பாய்கள் புகார் செய்தார்கள். திருத்தினோம் என்றார்கள். திருத்தியிருக்கலாம். ஆனால் புகார் என்ன, மாற்றிய பாகம் என்ன, எந்த மலையில் எந்த மணலில் எத்தனை குண்டு சுட்டுப் பார்த்தார்கள், எத்தனை தடங்கல் என்ற கணக்கு ஜனங்கள் முன் வந்ததா? வெளிநாட்டுத் துப்பாக்கி வாங்க வேண்டுமானால் மட்டும் நம் ஆலையின் பழுதுப் பட்டியல் பத்திரிகைக்கு வந்து சேர்ந்துவிடுகிறது!

திருச்சியிலோ வேறெங்கோ செய்து, திருத்தி, மறுபடியும் சிப்பாய் கையில் கொடுக்கும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் பரீட்சைக் கணக்கு பார்லிமெண்டில் வைக்கப்பட வேண்டும். பரீட்சை நடத்துகிறவர் விற்பவரின் சம்பளப் பட்டியலில் இருக்கக் கூடாது. பட்டாளத்திலிருந்து வரும் பழுதுப் புகாரின் நகல், அந்தப் பாகத்தைக் கடைந்த பகுதியின் தொழிற்சங்கத்துக்கும் போக வேண்டும். லேத்தில் நிற்பவனுக்கு எந்த ஊசி ஏன் முறிந்தது என்று தெரிந்தால், அடுத்த ஊசியை எப்படிச் செய்ய வேண்டும் என்று அவனே சொல்வான்.